பின்தொடர்வோர் பட்டியலில் என் பெயர் இல்லை

1

இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்கு ஓர் இயந்திரம் வாழ்த்து அனுப்பியது. "வாழ்த்துகள்! இந்த வலைப்பதிவை நீங்கள் பின்தொடரத் தொடங்கி இன்றோடு பத்து ஆண்டுகள் நிறைவடைகின்றன." மேலே இரண்டு பலூன்கள். கீழே, நண்பர்களோடு பகிருங்கள் என்று ஒரு நீலப் பொத்தான். என் கல்யாண நாள் என் வீட்டிலேயே யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. எங்கோ ஒரு கட்டிடத்தில் குளிரூட்டப்பட்டுக் கிடக்கும் கணினிக்கு இது நினைவிருக்கிறது.

அந்த வலைப்பதிவை எழுதுபவன் முனிராஜ். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நானும் அவனும் ஒரே நாளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்கள். ஒரே டூல் ரூம், ஒரே அறை, ஞாயிற்றுக்கிழமை ஒரே சைக்கிளில் கெலவரப்பள்ளி அணை. நான் கனடாவுக்கு வந்து, டொரொன்டோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கும் சின்ன ஊரொன்றில் இரும்பை வடிவமாக்கும் அச்சு, அதாவது டை, செய்யும் அதே வேலையைச் செய்கிறேன். அவன் அங்கேயே இருக்கிறான். உத்தனப்பள்ளிப் பக்கம் வீடு கட்டி, ஷிஃப்ட் போக மிச்ச நேரத்தில் பதிவு எழுதுகிறான். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எழுத மட்டும் தமிழ். எந்தப் பேருந்து எந்த வழியாகத் திரும்பியது, எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது, எந்த ரோட்டைத் தோண்டிவிட்டு மறந்தார்கள், இவைதான் அவன் பதிவுகள். அலங்காரமே இருக்காது. கேலிப்பர் வைத்து அளந்த மாதிரி எழுதுவான்.

அவன் புதிதாக எழுதியதும் எனக்கு மின்னஞ்சல் வரும். காலை ஒன்பதரை மணி பிரேக்கில் காபியோடு அதைப் படிப்பேன். படித்ததும் பின்னூட்டம் போடுவேன். ஒன்றைக்கூட விட்டதில்லை.

பலூன்களைப் பார்த்தபோதுதான் உறைத்தது. முனிராஜின் மின்னஞ்சல் எனக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

2

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். ஒருவன் எழுதினால் அறிவிப்பு வருகிறது. எழுதவில்லை என்றால் அறிவிப்பு வருவதில்லை. "உங்கள் நண்பர் மூன்று வாரமாக எதுவும் எழுதவில்லை, என்ன ஏது என்று கேளுங்கள்" என்று எந்த இயந்திரமும் சொல்வதில்லை. வருவதைப் பார்க்கப் பழகியவனுக்கு வராததைப் பார்க்கத் தெரியாமல் போகிறது. ஏழு மாதம் நான் அதே மேசையில், அதே காபியோடு உட்கார்ந்து வேறு எதை எதையோ படித்திருக்கிறேன். ஒரு நாள்கூட, முனிராஜ் எங்கே போனான் என்று தோன்றவில்லை. பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்பினேன். கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினான். சரி, நன்றாக இருக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

உடம்புக்கு ஏதாவது வந்து எழுதுவதை நிறுத்திவிட்டானோ என்று பதறிப்போய் அவன் பதிவைத் திறந்தேன். நிறுத்தவில்லை. வரிசையாக எழுதியிருக்கிறான். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி லாரிகள் நின்ற கதை இருக்கிறது. கெலமங்கலம் சாலை இருக்கிறது. எங்கள் பழைய ஃபோர்மேன் ஓய்வு பெற்ற விழா, படங்களோடு இருக்கிறது. எனக்கு ஃபைல் பிடித்து இரும்பை ராவக் கற்றுக்கொடுத்த மனிதர் மாலையோடு நிற்கிறார். பக்கத்தில் முனிராஜ் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். ஊரெல்லாம் பார்த்த படம் எனக்கு மட்டும் வரவில்லை.

பதற்றம் அந்த இடத்திலேயே கோபமாக மாறியது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், மெதுவாகப் போகும். டூல் ரூமிலேயே அப்படித்தான் பெயர் எடுத்தேன்.

3

முதலில் இயந்திரத்தோடு சண்டை போட்டேன். அந்த வலைத்தளத்தின் உதவிப் பக்கத்தில் ஒரு பெட்டி திறக்கும். அதில் நம் குறையை எழுத வேண்டும். எந்த மொழி என்று கேட்டது. ஆங்கிலமும் பிரெஞ்சும் இருந்தன. தமிழில் எழுதும் பதிவைப் பற்றித் தமிழில் புகார் சொல்ல வழி இல்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் ஆங்கிலத்தில் வேலை செய்யக் கற்றுக்கொண்டேன், வங்கியில் பேசக் கற்றுக்கொண்டேன், பனி அள்ளுவதைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரோடு சிரிக்கவும் கற்றுக்கொண்டேன். கோபப்பட மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. என் கோபமெல்லாம் ஆங்கிலத்தில் இறங்கும்போது, தயவுசெய்து என்று தொடங்கி நன்றி என்று முடிந்துவிடுகிறது. அந்தப் பெட்டியிலும் அப்படித்தான் எழுதினேன். மன்னிக்கவும், ஏழு மாதமாக மின்னஞ்சல் வரவில்லை, சிரமத்துக்கு வருந்துகிறேன் என்று. சிரமம் யாருக்கு? எனக்கு. வருந்துகிறவனும் நானேதான்.

கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார்கள். கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார்கள். நான் மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொல்லி, போக்குவரத்து விளக்குகள் இருக்கும் சதுரங்களைத் தொடச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. என் கணக்கு நல்ல நிலையில் இருக்கிறதாம். வலைத்தளத்தின் பதிவேட்டில் நான் இன்னும் அந்தப் பதிவின் வாசகன்தானாம், ஆண்டு விழா வாழ்த்து வந்தது அதனால்தானாம். ஆனால் மின்னஞ்சல் அனுப்பும் பட்டியல் பதிவை எழுதுபவரின் கையில் இருக்கிறது; அதிலிருந்து என் முகவரியை அவரே நீக்கியிருக்கிறார். இந்த உதவிக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் ஐந்து கொடுத்தேன்.

சமையலறையில் மகள் இருந்தாள். பள்ளியின் கடைசி வருடம். என்னோடு தமிழில் முழுசாக ஒரு வாக்கியம் பேசி எத்தனையோ நாளாகிறது. நான் கத்தியதைக் கேட்டுக் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள்.

"அதுக்கு எதுக்குப்பா இவ்ளோ டென்ஷன்? அந்த அங்கிள் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாரு. அவ்ளோதான்."

"சொல்லாம கொள்ளாம எடுக்கறதா?"

"யாருமே சொல்லிட்டு எடுக்க மாட்டாங்க. உங்க மெசேஜ் எல்லாமே என் போன்ல மியூட்லதான் இருக்கு."

தினமும் காலையில் நான் அனுப்பும் செய்திகள், படித்ததில் பிடித்தவை, ஊர்ப் படங்கள், ஜாக்கெட் போட்டுக்கொண்டு போ என்ற எச்சரிக்கை, எல்லாம் சத்தமில்லாமல் ஒரு மூலையில் போய் விழுந்துகொண்டிருக்கின்றன. டைம் கிடைக்கும்போது பார்ப்பேன் என்றாள், பெரிய மனதோடு. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அடுத்து அவள் கேட்டதில்தான் எனக்குப் பற்றி எரிந்தது.

"நீங்க அவரை என்ன பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணேன்? என்னைத்தான் தூக்கிட்டான்! பாதிக்கப்பட்டவன் நான்!"

அவள் இயர்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

4

சனிக்கிழமை காலை போன் போட்டேன். அங்கே சாயங்காலம். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"என்னா குரு, அதிசயமா இருக்குது. போனெல்லாம் பண்ற."

குரு என்பது கன்னடக்காரர்களிடமிருந்து அவனுக்கு ஒட்டிக்கொண்டது. அப்ரண்டிஸ் நாளிலிருந்தே என் பெயரைச் சொன்னதில்லை.

"என்னை லிஸ்ட்ல இருந்து எடுத்தியா?"

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது. அவன் அதற்குக் காத்திருந்த மாதிரி பேசினான்.

"எடுத்தேன். இப்பதான் தெரிஞ்சுதா?"

"போன வாரம்தான்டா தெரியும்!"

"ஏழு மாசம் ஆச்சு குரு. ஒரே வாரத்துல நீ போன் பண்ணி நாறடிப்பேன்னு நெனச்சேன். என்னா பதில் சொல்லலாம்னு ரெடி பண்ணிகினு இருந்தேன். நீ பண்ணவே இல்ல."

மாட்டிக்கொண்டால் நான் குரலை உயர்த்துவேன். உயர்த்தினேன். பத்து வருடமாக உன் ஒவ்வொரு பதிவுக்கும் எழுதியவன் நான் ஒருவன்தான் என்றேன். நீ பஸ் நேரம் எழுதினால்கூட அதற்கும் நாலு வரி எழுதினேனே என்றேன். நன்றி கெட்டவன் என்ற சொல்லையும் சொன்னேன். கோபம் தமிழில் தடையில்லாமல் வருவதில் ஒரு சுகமே இருந்தது.

அவன் முழுவதையும் கேட்டான்.

"ஏரித் தண்ணி பதிவு ஞாபகம் இருக்குதா?"

"நல்லா இருக்குது. நீ பயந்து பயந்து எழுதியிருந்த. நான்தான் தைரியமா எழுதினேன்."

"ஆமா. நீதான் எழுதின."

5

அவர்கள் ஊரில் ஓர் ஏரி. ஒரு சீசனில் அதன் தண்ணீர் நிறம் மாறி, கரையோரம் மீன்கள் மிதந்தன. முனிராஜ் அதைப் பற்றி எழுதினான். அளந்துதான் எழுதினான். ஒரு தொழிற்சாலையின் பின்பக்கக் கால்வாய் என்று எழுதினானே தவிரப் பெயரை எழுதவில்லை. எந்த நாள், எந்த நேரம், தண்ணீர் என்ன நிறம், மூன்று படங்கள், அவ்வளவுதான். இதையெல்லாம் மனுவாக எழுதி அரசு அலுவலகத்தில் கொடுத்திருப்பதாகக் கடைசி வரி.

ஒன்பதரை மணி பிரேக்கில் அந்த மின்னஞ்சலைத் திறந்தேன். படித்ததும் ரத்தம் கொதித்தது. இவன் ஏன் இப்படிப் பூசி மெழுகுகிறான் என்று எரிச்சல் வந்தது. உடனே பின்னூட்டம் போட்டேன். கம்பெனியின் பெயரைப் போட்டேன். அங்கே பெரிய பொறுப்பில் இருப்பவரின் பெயரையும் போட்டேன். பிறகு, என் நண்பன் சொல்வது பொய் இல்லை என்று ஊருக்கு நிரூபிக்க இன்னொரு வரியும் சேர்த்தேன். நம் மஞ்சுளா அங்கேதானே பேக்கிங்கில் வேலை செய்கிறாள், எந்த ஷிஃப்டில் கழிவுநீர் வால்வைத் திறக்கிறார்கள் என்று அவளுக்கே தெரியுமே என்று. மஞ்சுளா முனிராஜின் மனைவி.

பொத்தானை அமுக்கினேன். பிரேக் முடிந்தது. நிம்மதியாக மில்லிங் மெஷினுக்குப் போனேன். அன்று முழுவதும் ஊருக்கு ஏதோ செய்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்போது அங்கே இருட்டிவிட்டது; முனிராஜ் இன்னும் மதிய ஷிஃப்டில் இருந்தான். போன் லாக்கரில். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? அதே கேட்டில், அதே லாக்கரில் என் டிபன் டப்பாவும் இருந்ததே. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்து பார்த்த அந்த நிமிடமே என் பின்னூட்டத்தை அழித்திருக்கிறான். ஆனால் அந்தப் பதிவில் யார் பின்னூட்டம் போட்டாலும் அதுவும் பட்டியலில் இருக்கும் அத்தனை பேருக்கும் மின்னஞ்சலாகப் போகும்படி இருந்தது. பக்கத்திலிருந்து அழிக்கலாம். போன மின்னஞ்சலைத் திரும்ப எடுக்க முடியாது. அந்தப் பட்டியலில், அதே கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் ஒருவரும் இருந்திருக்கிறார்.

"மறுநாள் காலைல அவ கம்பெனி பஸ்ல ஏறிப் போனா குரு. கேட்ல கார்டு விழல. செகப்பு லைட்டு எரியுது. காண்ட்ராக்ட்ல யாருக்கும் லெட்டர் குடுக்க மாட்டாங்க, உனக்கே தெரியும். கார்டு விழலைன்னா வேலை இல்ல, அதான் லெட்டரு. இவளுக்கு அது புரியல. கார்டை முந்தானையில தொடைக்கறா, வெக்கறா. மறுபடியும் தொடைக்கறா, வெக்கறா. பின்னாடி லைன்ல நிக்கறவங்க எல்லாம் கத்தறாங்க. செக்யூரிட்டி வந்து, கொஞ்சம் ஓரமா நில்லும்மான்னு சொன்னப்பறம்தான் புரிஞ்சுதாம்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவனே தொடர்ந்தான்.

"உனக்கு மெயில் வரலைன்னு இவ்ளோ கோவம் வருது. அவளுக்கு யாரு குரு மெயில் போட்டாங்க?"

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா என்னா பண்ணுவ? அதையும் எழுதுவ. கம்பெனிக்கு மெயில் போடுவ. அங்க இருக்கற நம்மாளுங்க குரூப்ல போடுவ. நல்ல எண்ணத்துலதான் பண்ணுவ, இல்லைன்னு சொல்லல. நீ எழுதிட்டு வேலைக்குப் போயிடுவ. நாங்கதான் காலைல அதே ரோட்ல பஸ் ஏறணும். அதான் எடுத்தேன். மெயில் வந்தா நீ ஒடனே எழுதுவ. வரலைன்னா எழுத மாட்ட."

பின்னால் ஒரு பெண் குரல் தெலுங்கில், எவரு என்று கேட்டது. அவன் ஏதோ சொன்னான். போன் கை மாறியது.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா? பாப்பா என்ன படிக்குது?"

இந்த இரண்டு கேள்விக்குப் பதிலாக அவள் திட்டியிருக்கலாம். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். சாரி என்று ஆங்கிலத்தில்தான் வந்தது. அவள் அதைக் காதில் வாங்காத மாதிரி, இப்போது கெலமங்கலம் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பூ கட்டும் வேலை என்றாள். கம்பெனி பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோ பிடித்துப் போக வேண்டும். முள் குத்திக் குத்திக் கை பழகிவிட்டது என்றாள்.

"எம் பேரைப் போடறதுக்கு முந்தி ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்லண்ணா? எம் பேருதானே?"

6

திரும்பவும் பட்டியலில் சேர்ப்பாயா என்று முனிராஜிடம் கேட்டேன். மாட்டேன் என்றான். "படிக்கணும்னா நீயே வந்து படி. கதவு தொறந்துதான் இருக்குது."

அதனால் இப்போது ஒன்பதரை மணிக்கு அவன் பதிவின் முகவரியை நானே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் திறக்கிறேன். பல நாள் புதிதாக ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாத நாட்களில் அவனுக்கு ஒரு வரி அனுப்பி, சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். கீழே பின்னூட்டப் பெட்டி காலியாக இருக்கும். விரல் அரிக்கும். காபியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். முன்னைவிட அதிகமாக இருக்கிறது. முனிராஜ் மேல் இல்லை, பலூன் அனுப்பிய இயந்திரத்தின் மேலும் இல்லை. ஏரியில் இன்னும் அதே தண்ணீர்தான் நிற்கிறது. ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, உனக்கு வேலை இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட முதுகெலும்பு இல்லாமல், ஒரு சிவப்பு விளக்கை வைத்துச் சொன்னவர்கள் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். என் மேலும் கோபம்தான். அவர்கள் கையில் மஞ்சுளாவின் பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். யார் பெயரை எழுதினால் என் கோபம் ஆறுமோ, அந்தப் பெயரைத்தான் என்னால் இனி எழுத முடியாது.

ஊரில் நடத்தும் ஒரு சிறு பத்திரிகைக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். இதை எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் போன் செய்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். இது எனக்குப் புதுப் பழக்கம். முனிராஜ் என்று இதில் இருப்பவன் பெயர் முனிராஜ் இல்லை. மஞ்சுளாவின் பெயர் மஞ்சுளா இல்லை. உத்தனப்பள்ளி, கெலமங்கலம் என்று எழுதிய இடங்களையும் இடம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். அவள் சற்று யோசித்தாள்.

"அடியில உங்க பேரு வருமாண்ணா?"

வரும் என்றேன். பத்திரிகையில் என் பெயர் வந்து வெகுநாளாகிறது என்றும் சொன்னேன். மகளுக்குக் காட்டலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

"உங்க பேரைப் பாத்தா எங்களைக் கண்டுபிடிச்சுருவாங்கண்ணா. நீங்களும் இவரும் ஒண்ணா வேலை செஞ்சது இங்க எல்லாருக்கும் தெரியும். அதையும் எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன்.